கறுப்புத் தக்காளியின் கன்னிக்காய்

அது கறுப்பு அல்ல என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். மர நிழலுக்குக் கறுப்பை அள்ளி அப்பும் பிள்ளைகளின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கி, "கறுப்பைத் தொடாதே, நீலத்தையும் அரக்கையும் கலந்து பார்" என்று கத்திக் கத்தியே தொண்டை போனவன். என் வீட்டு மாடியில் ஒரு தக்காளிச் செடி நின்றது. அதன் காய் வெயில் பட்ட பக்கத்தில் நாவல்பழ நிறமாகவும், இலை மறைத்த இடத்தில் வெளிர்பச்சையாகவும் இருந்தது. பழுக்கும்போது அடிப்பக்கம் செங்கல் சிவப்புக்கு வரும். ஒரே பழத்தில் மூன்று நிறம். வந்து பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்த நிறத்தைப் பார்க்கவில்லை. "அழுகிப் போச்சே சார்" என்றார்கள்.

விதை வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது எனக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். உப்பைக் குறை, தினமும் நட, கோபத்தைக் குறை என்று மூன்று கட்டளை போட்டார் டாக்டர். முதல் இரண்டையும் என் மனைவி பார்த்துக்கொண்டாள். மூன்றாவதற்கு மாத்திரை கிடையாதாம். "மாடியில செடி கிடி வைங்க சார், மனசுக்கு நல்லது" என்று டாக்டரே சொன்னார். அவர் ஒருநாளும் தக்காளி வைத்திருக்க மாட்டார் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தில் இருக்கிறது. மாடியில் ஏற்கெனவே என் மனைவியின் ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தது. கத்தரி, வெண்டை, அவரை, தண்டங்கீரை. அவள் பழைய பெயின்ட் வாளியில் மண்ணை அள்ளிப்போட்டு, விதையைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அது காய்க்கும். நான் புத்தகம் பார்த்து, மண்ணைச் சலித்து, வேப்பம் புண்ணாக்கை அளந்து போட்டு வைத்த ரோஜா பதினைந்து நாளில் செத்தது. அடுத்து மிளகாய் வைத்தேன். பூ வைக்கும் முன்பே இலையெல்லாம் சுருண்டு, முதுகு கூனி, அதுவும் செத்தது. செத்த செடியை நான் பிடுங்கிப் போட்ட அன்று என் மனைவி மத்தியானம் சாப்பிடவில்லை. கேட்டதற்கு விரதம் என்றாள். என்ன கிழமைக்கு என்ன விரதம் என்று எனக்குத் தெரியாது. எனக்கிருந்த எரிச்சலில் நான் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதில் கேரளத்துப் புனலூர்ப் பக்கத்து டீச்சரம்மா ஒருவர், என்னைப் போலவே ஓய்வு பெற்றவர், இந்தத் தக்காளியின் படத்தைப் போட்டிருந்தார். பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. இந்த நிறத்தை நான் தட்டில் எத்தனையோ தடவை கலக்கப் பார்த்திருக்கிறேன்; வந்ததில்லை. விதை கேட்டேன். ஒரு தபால் உறையில் ஆறே ஆறு விதைகளைப் பஞ்சில் சுற்றி அனுப்பினார். கூடவே குரல் செய்தி. "சாரே, இது எண்டே கையிலுள்ள கடைசி விதை. பாக்கியெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போயி. பழம் வந்தா எனக்குக் கொஞ்சம் விதை திருப்பித் தரணும், கேட்டோ." தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைத் தவறாதவன் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. அந்தப் பெயரை நானேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்பாள் என் மனைவி.

மழையெல்லாம் ஓய்ந்து கார்த்திகையில் விதைக்கச் சொன்னார் டீச்சரம்மா. எனக்குச் சித்திரையில் விதை வந்தது. ஸ்டென்ட் வைத்தவன் கார்த்திகை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? அன்றைக்கே விதைத்தேன். ஆறில் நான்கு முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. இரண்டு, கழுத்தில் நீர் கோத்து, நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தன. நின்றது ஒன்று.

அந்த ஒன்று இடுப்பு உயரம் வளர்ந்து பூ எடுத்த நேரத்தில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. தமிழ்நாடே காரை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக அருவிக்குப் போகிறது. கடைக்காரன் சிரிக்கிறான், ஆட்டோக்காரன் சிரிக்கிறான், பழக்கடையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிகின்றன. சாரல் விழவில்லையே என்று ஊரே வானத்தைப் பார்த்து ஏங்கும் மாதத்தில், சாரலைத் திட்டிக்கொண்டு மாடியில் நின்ற ஒரே ஆள் நான்தான். அது மழையாகப் பெய்து தொலைத்தாலாவது ஒதுக்கிவிடலாம். இது மாவு சலிப்பதுபோல நாள் முழுக்கத் தூவும். தக்காளிப் பூவுக்குள் மகரந்தம் ஈரமாகிப் பிசுபிசுத்துப் போனால் பூ காம்போடு கழன்று விழுந்துவிடும். தினமும் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டியைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும்.

குடை கட்டினேன். பழைய பெரிய குடையைக் கம்பில் சேர்த்துக் கட்டிச் செடிக்குப் பிடித்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அதை மூன்று தடவை பிடுங்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு மாடியில் போட்டது. மூன்றாவது தடவை எடுக்கப் போனபோது அந்த வீட்டம்மா, "சார், குடைய இங்கனயே வச்சிருக்கட்டுமா? எப்படியும் நாளைக்கும் வருமில்லா" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை, உபகாரமாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் கோபம் வந்தது.

குடை போனால் போகட்டும் என்று, சாரல் சற்று ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, என்னுடைய இரண்டாம் எண் தூரிகையை எடுத்துப்போய் ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு பொறுமையாக நான் ஒரு கோடு போட்டதில்லை.

இதற்கு நடுவில் என் மனைவியின் கேள்வி. நெஞ்சுவலி வந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில், "மாத்திரை போட்டீயளா?" என்று கேட்பாள். செடி வைத்தபின் அதோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. "காய் பிடிச்சிட்டா?" பூவே வராத காலத்திலும் கேட்டாள். பூ உதிர்ந்துகொண்டிருந்த காலத்திலும் கேட்டாள். நான் மாடிப்படியில் இறங்கி வரும் காலடிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"காய் பிடிச்சிட்டா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லன்னுதான இல்லன்னு சொல்லுதேன்! உனக்குக் கத்தரிக்காய் காய்க்குதுல்லா, அந்தக் கர்வம். என்னைக் குத்திக் காட்டணும் உனக்கு."

அவள் கரண்டியைத் திருப்புவாள். குத்திக் காட்டத்தான் கேட்கிறாள் என்று நான் திடமாக நம்பினேன். வருடக்கணக்கில் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு என்னைக் குத்திக் காட்டக் காரணத்துக்கா பஞ்சம்?

ஆனி பிறந்த வாரத்தில் மூன்று காய் பிடித்தன. சுண்டைக்காய் அளவில் இருக்கும்போதே வெயில் பட்ட தோளில் ஊதா ஏறத் தொடங்கியது. இறங்கி வந்து, அவள் கேட்பதற்கு முன்பே, "மூணு!" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடி வந்தாள். முட்டிவலிக்காரி அவ்வளவு வேகமாகப் படியேறி நான் பார்த்ததில்லை. காய்களைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

முதல் காயைக் குரங்கு கொண்டுபோனது. சீசனில் கூட்டத்தோடு சேர்ந்து குரங்குகளுக்கும் கொண்டாட்டம். அருவிக்கரையில் பொரியும் வாழைப்பழமும் தின்று சலித்து, மாடி மாடியாக வரும். பறித்தது, ஒரு கடி கடித்தது, முகத்தைச் சுளித்தது, தண்ணீர்த் தொட்டியின் மேல் விட்டெறிந்துவிட்டுப் போனது. தின்றிருந்தாலாவது மன்னித்திருப்பேன். காயாக இருந்ததால் விதையும் முற்றவில்லை.

இரண்டாவது காய் போனது மனுஷன் கையால். என் மனைவியின் தம்பி பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். பத்தொன்பது வயதிலிருந்து தக்காளிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவன். பெட்டியைத் திறந்தால் அவன் கண் ஒரு பக்கம் பேரம் பேசும், வாய் ஒரு பக்கம் போனில் பேசும், கை தன்போக்கில் கறுப்பு விழுந்த பழத்தைத் தேடிப்பிடித்து வெளியே எறியும். அன்று அக்காவைப் பார்க்க வந்தவன், போனில் சிக்னல் இல்லையென்று மாடிக்குப் போனான். பத்து நிமிடம் யாரோ லாரிக்காரனைத் திட்டிவிட்டு இறங்கி வந்தான்.

"அத்தான், செடிய நீங்க சரியா கவனிக்கல போல. ஒரு காயி தோள்பட்டையெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு. மத்ததுக்குப் பரவிரக் கூடாதுன்னு கிள்ளித் தூர வீசிட்டேன்."

"எங்கலே வீசுன?"

"அந்தா, சாக்கடைப் பக்கம்."

நான் என்ன பேசினேன் என்று எழுத முடியாது. அவன் மலங்க மலங்க விழித்தான். "கறுத்துருந்துச்சே அத்தான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தன் கை செய்தது தப்பு என்று கடைசிவரை அவனுக்குப் புரியவில்லை. வழக்கமாகத் தம்பிக்கு ஒன்றென்றால் என் மேல் பாயும் என் மனைவி அன்று என் பக்கமே வரவில்லை. அவனுக்குக் காபிகூடக் கொடுக்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். எனக்காகக் கோபப்படுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் ஆறுதலடைந்தேன்.

மிஞ்சியது ஒன்று. அதற்குக் கொசுவலையைச் சுற்றினேன். வலைக்கு வெளியே கோழிவலை. அதற்கும் வெளியே ஒரு அட்டையில் போஸ்டர் கலரால், 'இது அழுகல் அல்ல. இதன் நிறமே இதுதான். தொடாதீர்கள்' என்று எழுதிக் கட்டினேன். சாரலில் எழுத்து கரைந்து வடியும். மறுநாள் திரும்ப எழுதுவேன். சவரக் கண்ணாடியை எடுத்துப்போய்க் காயின் அடியில் பிடித்து, பச்சை எப்போது சிவப்பாகிறது என்று பார்ப்பேன். மேல்பக்கம் வாரக்கணக்கில் ஒரே நிறத்தில் இருக்கும். அடிப்பக்கத்தை வைத்துத்தான் பழுத்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். "அடி சுவக்கணும் சாரே. அதுவரைக்கும் தொட வேண்டா" என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். செடியின் கீழ் இலைகள் வேறு மஞ்சளாகிக் கருக ஆரம்பித்திருந்தன. இனி இன்னொரு காய்க்கு அதில் தெம்பு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பழம் போனால் விதை போயிற்று, வாக்கும் போயிற்று.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் கண்ணாடியில் அடிப்பக்கம் செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. அடுப்படிக்கு ஓடிப்போய், "நாளைக்கு மத்தியானம் பறிச்சிரலாம்" என்றேன். விதையை ஊறவைக்க ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். "நாளைக்கா? கிருத்திகையில்லா" என்றாள். எனக்கு அதனால் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் மத்தியானம் என்றால், மறுநாள் காலையில் ஏழு மணிக்கே நான் கருவூலத்துக்கு வரிசை பிடிக்கப் போக வேண்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே நேரில் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால்தான் பென்ஷன் வரும். வரிசையில் நின்று, உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு, பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து, நேரே மாடிக்குப் போனேன்.

கோழிவலை கழற்றி ஒழுங்காகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கொசுவலை மடித்து அதன்மேல் கிடந்தது. காம்பு கத்தியால் நறுக்கினாற்போல இருந்தது. பழம் இல்லை.

குரங்கு கொசுவலையை மடித்து வைக்காது. கீழே வந்தேன். சாப்பாட்டு மேசையில் எனக்கான சோறு மூடி இருந்தது; தண்ணீர்ச் செம்பின் மூடியில் மத்தியான மாத்திரை இருந்தது. மனைவி இல்லை. கிருத்திகைக்குப் பண்பொழி மலைக்கோவிலுக்குப் போவதாகக் காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. போன் செய்தேன். போன் படுக்கையறையில் சார்ஜரில் கிடந்து பாடியது. வாசலுக்கு வந்தால் அடுத்த வீட்டம்மா நின்றாள்.

"அவிய எட்டு மணி பஸ்ஸுக்கே போயிட்டாவளே சார். கன்னிக்காய் கோவிலுக்குன்னு சொல்லித் தட்டுல வச்சு, துணிபோட்டு மூடிக் கொண்டு போனாவ. நான் துணிய வெலக்கிப் பாத்தேன். கறுப்பா இருந்துச்சு. இதையா சாமிக்குன்னு கேட்டேன், துணிய மூடிக்கிட்டுப் போயிட்டாவ."

ஒரு செடி முதன்முதலில் காய்க்கும் காயைக் கோவிலுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அதைக் கன்னிக்காய் என்போம். அவளுடைய கத்தரி, அவரை எல்லாவற்றிலும் முதல் காய் கோவிலுக்குத்தான் போயிருக்கிறது. நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் அந்தச் செடிகளுக்கெல்லாம் இரண்டாம் காய் இருந்தது, மூன்றாம் காய் இருந்தது. ஒரே ஒரு காய் மிஞ்சிய செடிக்கும் அதே கணக்கா? இவளுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

சோற்றைத் தொடவில்லை. மாத்திரையையும் தொடவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். இலஞ்சி, செங்கோட்டை என்று வழி நெடுக அவளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வந்தவர்கள் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மலையடிவாரத்தில் காவடியும் மொட்டையுமாக ஒரே கூட்டம். ஓரத்தில் பந்தல் போட்டு, பக்தர்கள் சிலர் சேர்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே சாமிக்கு முன்னால் வைத்து எடுத்த காய்கறிகள் கீழே இந்தப் பந்தலுக்குத்தான் வரும் என்று விசாரித்ததில் தெரிந்தது. பெரிய அண்டாவுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்ற சமையல்காரரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு கறுப்புத் தக்காளி வந்துச்சா?" கறுப்பு என்று என் வாயாலேயே சொன்னேன்.

"ஆமா, வந்துச்சு. அழுகல்னுதான் நெனச்சேன். சாமிக்கு வச்சத எப்படிக் களையன்னுட்டு அறுத்துப் பாத்தா, உள்ள நல்லா சதையா செவப்பா இருக்கு. சாம்பார்ல போட்டுட்டேன்."

"அய்யோ! அதோட விதை?"

"விதையா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் சாம்பார்லதான் கெடக்கு. வேணும்னா இலையில உக்காருங்க."

அண்டாவைப் பார்த்தேன். அது கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காய் நறுக்கிய பலகையும் ஒரு தாம்பாளமும் கழுவாமல் கிடந்தன. பலகையிலும் தாம்பாளத்திலும் தக்காளிச் சாறும் விதையும் வழிந்திருந்தன. கூடை கூடையாக நறுக்கிய தக்காளியின் விதை அது. அதில் என்னுடையது எது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். குந்தி உட்கார்ந்து, விரலால் வழித்து வழித்து, ஒரு தேக்கிலையில் சேர்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் மரியாதை உள்ளவன், எச்சில் பாத்திரம் கழுவுகிறவரைப்போல உட்கார்ந்து பலகையை வழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவ்வளவு ஆத்திரம்.

நிமிர்ந்தபோது மலைப்படியில் என் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். வண்டிப் பாதை இருக்கிறது, வேன் போகிறது. இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும், "மாத்திரை போட்டீயளா?" என்றாள்.

"ஏட்டி, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. ஆறு விதை, நத்தை, சாரல், குடை, தூரிகை, குரங்கு, தம்பி, டீச்சரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, எல்லாம் சொன்னேன். "சாமிக்குக் கொடுக்கணும்னா உன் கத்தரிக்காயக் கொடுத்திருக்கலாம்லா? மாடி நெறையக் காய்ச்சுக் கெடக்கு! எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, அதான் உன் கண்ணுல பட்டுதா?"

அவள் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது சொன்னாள்.

"கத்தரி நான் வச்சது."

"அதனால என்ன?"

"நீங்க வச்சதுல மொத காயக் கொண்டாந்து தாரேன்னுதான் வேண்டியிருந்தேன்."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில வச்சு. உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால, ரிட்டயர் ஆனதும் மாடியில செடி வைக்கணும்னு ஒளறிக்கிட்டே போனீய. கதவச் சாத்திட்டாவ. எனக்கு வேற என்ன வேண்டத் தெரியும்? சாமி, அவிய எந்திரிச்சு வந்து, அவிய கையால ஒரு செடி வச்சு, அது காய்ச்சா, அந்தக் கன்னிக்காய நானே படியேறி வந்து தாரேன்னேன். சொன்னா பலிக்காதும்பாவல்லா, அதான் ஒங்கள்ட்ட சொல்லல. மொளகாச் செடி செத்துப்போச்சு. இது பூவெல்லாம் கொட்டுது. கொரங்கு ஒண்ண எடுத்துட்டுப் போயிருச்சு. இவன் வேற ஒண்ணக் கிள்ளி எறியுதான். அதான் தெனமும் காய் பிடிச்சிட்டான்னு கேட்டேன். நீங்க என்னடான்னா, எனக்குக் கர்வம்னு சொல்லுதீய."

உண்மையைச் சொல்ல வேண்டும், கோபம் உடனே போய்விடவில்லை. அது எங்கே போவதென்று தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. "வேண்டுறதுதான் வேண்டுன, ரெண்டாவது காயின்னு வேண்டியிருக்கலாம்லா" என்று முனகினேன்.

"நீங்க இப்பிடி ஒத்தக் காய் காய்க்கிற செடி வப்பீயன்னு நான் கண்டனா?" என்றாள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிய மாத்திரை ஒன்றை எடுத்தாள். நான் போட்டிருக்க மாட்டேன் என்று தெரிந்து கையோடு கொண்டு வந்திருக்கிறாள். பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் இலையில் விழுந்த சாம்பாரில் கருநீலத் தோல் ஒன்று மிதந்தது. கத்தரித் தோலாகவும் இருக்கலாம். அதைத் தனியாக எடுத்து அவள் இலையில் வைத்தேன். "என்னது இது, தோலெல்லாம் எனக்கா?" என்று திட்டிவிட்டுத் தின்றாள்.

அந்தச் செடி ஆவணியில் கருகிவிட்டது. தேக்கிலையில் கொண்டுவந்த விதைகளைக் கழுவிக் காயவைத்தேன். டீச்சரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார், பிறகு "சாரே, கார்த்திகை வரை ஒன்னு பொறுக்கணும், கேட்டோ" என்றார். இந்தத் தடவை பொறுத்தேன். கார்த்திகையில் அத்தனை விதையையும் விதைத்தேன். மாடி முழுவதும் தக்காளி நாற்று. அவற்றில் மூன்றின் தண்டில் மட்டும் லேசாக ஊதா ஓடியது. மற்றதைத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, அந்த மூன்றையும் தொட்டிக்கு மாற்றினேன். பூ எடுத்தன. தை வெயிலில் ஒரு பூகூட உதிரவில்லை.

என் மனைவி அந்தச் செடிகளை எட்டிப் பார்ப்பதே இல்லை. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்கு வருகிறாள், என் தொட்டிகளைத் தாண்டிப் போகிறாள், போய்விடுகிறாள். காய் பிடித்ததா என்று ஒரு நாளாவது கேட்க வேண்டுமே! அத்தனை நாள் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவள், இப்போது கேட்காமல் உயிரை எடுக்கிறாள்.

நேற்றுக் காலையில் ஒரு கொத்தில் ஐந்து காய் பிடித்திருந்தது. ஐந்திலும் தோளில் அதே ஊதா, நான் ஆயுசில் கலக்க முடியாமல் போன அதே நிறம். பொறுக்க முடியாமல் படியில் பாதி இறங்கும்போதே கத்தினேன்.

"அஞ்சு காய் பிடிச்சிருக்கு!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நிற்கவில்லை.

"சரி. மாத்திரை போட்டீயளா?"